என் நைட்டியில் அவள்

என் பிள்ளைக்கு என் ஓர்ப்படி பால் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அதுவும் என் நைட்டியைப் போட்டுக்கொண்டு கொடுத்தாள். அந்த நைட்டியைப் போட்டுக்கொள்ளச் சொன்னதே நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதைச் சொல்வதற்கென்றே காத்திருக்கிற மனுஷன் அவர்.

கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலிலேயே போய்விடும். அண்ணி, அதாவது என் ஓர்ப்படி, மாடி முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். எப்போது போனாலும் தரையெல்லாம் நீலத் துணி வெட்டு, அவள் வாயில் குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே சிரிப்பாள், பேசுவாள், பிள்ளையை அதட்டுவாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. கன்னம் இரண்டும் தொங்கும். தடியன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். என் பிள்ளைக்கு நாலு மாதம், அவன் குட்டி. நோஞ்சான் இல்லை. ஆனால் தடியன் பக்கத்தில் படுக்கப் போட்டால் பார்க்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். அதனால் நான் பக்கத்தில் போடுவதே இல்லை.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து விசாரிக்கிறேன். கார் மோதியது, கடை எரிந்தது, கால் உடைந்தது என்று வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து ஏன், எப்படி என்று கேட்பது என் வேலை. சொல்கிற காரணம் எடுபட்டால் நஷ்டஈடு உண்டு. எடுபடாவிட்டால் வந்த வழியே போகலாம். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு லாரி டிரைவர் வந்தார், தூக்கக் கலக்கத்தில் பாலத்துக் கைப்பிடியில் கொண்டுபோய் இடித்தவர். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டேன். நிறுத்தணும் என்று நினைத்ததுதான் கடைசியாக ஞாபகம் இருக்கிறது என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நினைக்கத் தெரிந்தவருக்கு நிறுத்துவதற்கு என்ன கேடு? தள்ளுபடி என்று எழுதிவிட்டேன்.

வீட்டிலும் எனக்கு இதே புத்திதான். உப்பு ஏன் கூடியது என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பேன் என்று ஓர்ப்படி எனக்கு வக்கீலம்மா என்று பட்டம் கொடுத்திருக்கிறாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். பட்டத்துக்குப் பதில் பட்டம் கொடுக்கிற அளவுக்கு எங்களுக்குள் நெருக்கம் கிடையாது.

அவள் மேல் எனக்குப் பொறாமை. மழுப்பலாக இதற்கு வேறு பெயர் வைக்க விருப்பமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உண்டு. அவள் இந்த வீட்டுக்கு வரும்போது என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். இப்போது லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை, உடம்பெல்லாம் கிரீஸோடு வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மாடிப்படியைப் பார்த்து அண்ணி என்று ஒரு குரல் கொடுப்பார். மேலிருந்து என்ன என்று பதில் வரும். ஒன்றுமில்லை என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு குரல் என்று கேட்டேன். அதற்கும் ஒன்றுமில்லை என்றார்.

குட்டி பிறந்த பிறகு இந்தப் பொறாமை கொழுத்துவிட்டது. எனக்குப் பால் இல்லாமல் இல்லை. அவன் வாய் வைத்தால் தாராளமாக வரும். பால் எடுக்கிற பம்பை வைத்தால்தான் வராது. பிரசவ லீவு முடிந்து ஆபீஸ் போக ஆரம்பித்ததும், பழைய ஃபைல் அடுக்கிய ஸ்டோர் அறையில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டு பம்பை அமுக்குவேன். அது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும். நான் குட்டியின் போட்டோவைப் பார்ப்பேன், அவன் தொப்பியை மோந்து பார்ப்பேன். கடைசியில் புட்டியின் அடியில் கொஞ்சம் தேறும். அதை ஐஸ் பையில் சுற்றி, பஸ் கூட்டத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். என் ஓர்ப்படிக்கோ தெருவில் யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் சட்டை நனையும். இதென்ன கொடுமை, குழாயை மூட மறந்த மாதிரி என்று சலித்துக்கொண்டு துண்டை எடுத்துத் திணித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

ஆனாலும் பகலில் குட்டியை அவளிடம்தான் விட வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை. அவளும் முகம் சுளிக்கவில்லை. ஒண்ணோட ஒண்ணா கிடக்கட்டும் என்றாள். பிரச்சினை புட்டியில்தான் வந்தது. ரப்பர் காம்பு உதட்டில் பட்டதும் குட்டி தலையைத் திருப்பிக்கொள்வான். கரண்டியில் கொடுத்தால் துப்புவான். டப்பாப் பால் கரைத்துக் கொடுத்துப் பார்த்தோம், வாந்தி எடுத்தான். பகலெல்லாம் அழுது அரைகுறையாக நாலு கரண்டி இறக்கி, சாயங்காலம் நான் வந்ததும் என்னைப் பிய்த்துத் தின்பான். வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கைக்குழந்தைக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. புட்டியில் இருப்பது என் பால். பிடித்திருக்கிற ஆளிடம் என் வாசனையும் இருந்தால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? ராத்திரி நான் போட்டுப் படுத்த நைட்டியைத் துவைக்காமல் ஓர்ப்படியிடம் கொடுத்தேன். மஞ்சள் பூப்போட்டது, முன்னால் ஜிப் வைத்தது. இதைப் போட்டுக்கொண்டு புட்டியைக் கொடுங்கள் என்றேன். அவள் நைட்டியை விரித்துப் பார்த்துவிட்டு, வக்கீலம்மா மூளையே மூளை என்றாள். அன்று சாயங்காலமே புட்டி காலியாக இருந்தது. மறுநாளும் காலி. குட்டி மினுமினுவென்று சிரித்துக்கொண்டு கிடந்தான். ஆபீசில் நான் பீற்றிக்கொண்டதைக் கேட்க வேண்டுமே. பிள்ளை வளர்ப்பது பெரிய வித்தையா, கொஞ்சம் யோசித்தால் போதாதா என்று, அங்கே மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் போய்ச் சொன்னேன்.

ஒரு நாள் விசாரணைக்கு வர வேண்டியவர் வராததால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிக்கதவு திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் மஞ்சள் பூ நைட்டியில் ஒரு முதுகு. அந்த முதுகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முழங்கையின் மடிப்பில் குட்டியின் தலை. ஒரு கணம் அங்கே உட்கார்ந்திருப்பது நான் என்றே தோன்றிவிட்டது. நான் வீட்டில் பிள்ளையோடு இருக்கிறேன், வாசலில் கைப்பையோடு நிற்கிறவள் யாரோ ஒருத்தி. அப்புறம் கிட்டே போனேன். ஜிப் திறந்திருந்தது. புட்டி மேஜை மேல் இருந்தது. தடியன் தரையில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்து முகமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தான்.

அவள் திடுக்கிடவில்லை. திடுக்கிட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். நைட்டி கொடுத்த நாளிலிருந்து என்றாள்.

"அவன் அழுதான். எனக்கு வழிஞ்சுடுச்சு. உன் வாசனை இருக்கவே மோந்துக்கிட்டே வந்து முட்டினான். அவ்வளவுதான். நான் யோசிக்கலை."

"யோசிச்சிருக்கணும்ல அக்கா?"

"பிள்ளை பசியில முட்டுறப்ப என்னத்தை யோசிக்கிறது?"

அப்படியானால் தினமும் புட்டி எப்படிக் காலியானது என்று கேட்டேன். எனக்கு விசாரித்துத்தானே பழக்கம். அவள் அப்போதுதான் சற்றுத் தயங்கினாள். கொட்ட மனசு வரவில்லையாம். தடியனுக்கு வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்துவிட்டாளாம். ஸ்டோர் அறையில் நாற்காலியை முட்டுக்கொடுத்து, தொப்பியை மோந்து மோந்து நான் சேர்த்தது அந்தக் கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நிதானமாக யோசித்தார். பிறகு, உன் பால் அவனுக்கு, அண்ணி பால் இவனுக்கு, ரெண்டு பேர் வயிறும் நிறைஞ்சிருக்கு, இதுல யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். நஷ்டம் என்ற வார்த்தையை என்னிடமே கேட்டார். மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்றால் குட்டி அப்போது என் மடியில் இருந்ததுதான் காரணம்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. யார் வந்து இந்த விவகாரத்தை என் மேஜையில் வைத்திருந்தாலும் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். பிள்ளைக்குப் பசி, பால் இருக்கிறவள் கொடுத்தாள், பிள்ளை தேறினான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் குட்டியைத் தூக்கும்போது அவன் கழுத்து மடிப்பில் தையல் மிஷின் எண்ணெயும் அவள் பவுடரும் கலந்து அடித்தது. என் நைட்டியிலும் அதுவே அடித்தது. அதை வாளியில் போட்டு, சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தேன்.

மறுநாளே சட்டம் போட்டுவிட்டேன். நைட்டி கிடையாது. அக்கா பால் கொடுக்கக் கூடாது. புட்டிதான். அவன் அழுதால் அழட்டும். இதற்கு என்னிடம் காரணமும் தயாராக இருந்தது. பசிதான் எல்லா உயிருக்கும் வாத்தியார். இதுவரை அவனுக்குப் போதுமான பசி வரவே இல்லை, வருவதற்குள் யாராவது வாயில் வைத்துவிடுகிறோம். நிஜமான பசி வந்தால் ரப்பர் என்ன, எதைக் கொடுத்தாலும் குடிப்பான். குழந்தை ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனில் கேட்டுப் பார்த்தேன். பட்டினி போடாதீங்க, பசி முத்திப்போனா தாய்ப்பாலையே பிடிக்கத் தெரியாது, மெல்லப் பழக்குங்க என்றாள். மெல்ல என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அது பிள்ளையைப் பொறுத்தது என்றாள். இப்படி வழவழவென்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. போனை வைத்துவிட்டேன்.

உண்மையான காரணம் வேறு. அவன் பகலெல்லாம் பசியோடு எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பெற்றவள் வாயால் சொல்லக் கூடாத ஆசைதான். ஆனால் இருந்தது.

நான் சொன்னதற்கெல்லாம் ஓர்ப்படி தலையை மட்டும் ஆட்டினாள். குண்டூசியை வாயிலிருந்து எடுத்து, தன் சட்டை ஓரத்தில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டாள். சரி, நீ பெத்தவ, நீ சொல்ற மாதிரி செய்யறேன் என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. அதற்கு அவள் சண்டை போட்டிருக்கலாம்.

அன்று ஆபீசில் எனக்கு எதிரே ஒரு துணிக்கடைக்காரர். கடை எரிந்துபோனவர். சுவிட்ச் போர்டில் புகை வந்ததைப் பார்த்த பிறகும் ஏன் சாப்பிடப் போனீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஓர்ப்படி. காலையிலிருந்து புட்டியைத் தொடவில்லை என்றாள். இன்னும் பசிக்கவில்லை போல, பொறுங்கள் என்றேன். துணிக்கடைக்காரர் தன் பக்கத்து நியாயத்தை நீட்டி முழக்கினார். மறுபடி போன். இப்போது கத்துகிறான் என்றாள். அப்படியானால் இப்போதுதான் பசி வந்திருக்கிறது, இப்போது கொடுங்கள் என்றேன். கொடுத்ததைத் தட்டிவிட்டான், கரண்டியையும் கடித்துத் துப்பிவிட்டான் என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொடுங்கள் என்றேன். எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறேன் பாருங்கள். வாக்குமூலம் மாதிரி ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது.

மூன்றாவது தடவை அவள் போனை அவன் பக்கத்தில் பிடித்தாள். அது குட்டியின் குரலே இல்லை. கட்டிப்போன, உடைந்த ஏதோ சத்தம், மூச்சு வாங்குவதற்காக நின்று மறுபடி தொடங்கியது. என் சட்டை முன்பக்கம் நனைந்தது. ஸ்டோர் அறையில் எத்தனை கெஞ்சினாலும் வராதது, துணிக்கடைக்காரருக்கு எதிரே, ஃபைலின் மேல் சொட்டியது. அந்த மனுஷன் நல்லவர், ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்ன செய்யட்டும்?" என்றாள் ஓர்ப்படி.

குடுத்துடுங்க என்று ஒரு வார்த்தை. அதுதான் சொல்ல வேண்டும். அது என் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே மஞ்சள் பூப்போட்ட அந்த முதுகும் வந்தது, அது ஆடின ஆட்டமும் வந்தது. இன்னும் கொஞ்சம் பாருங்கள், நான் கிளம்பி வருகிறேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றேன். பெற்ற வயிறு பதறியது என்று சொன்னால் அழகாக இருக்கும். பதறியதும் நிஜம்தான். ஆனால் அந்தப் பதற்றத்துக்குள்ளேயே ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் அவள் மனசு இளகிக் கொடுத்துவிடுவாளோ, கொடுத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, அவன் வாயை மோந்து பார்க்கலாமா என்று.

அவள் கொடுக்கவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள், அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி. துண்டு நனைந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த தடியனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. சத்தத்துக்காகவே ஓட்டுகிற மாதிரி ஓடியது.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அவனை நெஞ்சில் வைத்தேன். அவன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கைகால் விறைத்திருந்தன. பால் அவன் உதட்டிலேயே வழிந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. வாயைத் திறந்தபடியே கத்தினான், திறந்த வாயை மூடத் தெரியவில்லை. அந்தப் பக்கம் மாற்றினேன். எழுந்து நடந்தேன். விளக்கை அணைத்தேன். கடைசியில் அவனோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அம்மா வந்துட்டேன்ல, இதோ இருக்குல்ல, நீ கேட்டதுதானே இது, பின்னே எதுக்குடா கத்துறே என்று கேட்டேன். நாலு மாதக் குழந்தையிடம் ஏன் என்று கேட்டேன். அவன் முதுகை வில்லாக வளைத்து என்னை உதைத்தான்.

பசி வந்தால் வழிக்கு வருவான் என்று நினைத்திருந்தேன். பசி வந்துவிட்டது. வழிதான் அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அது மாடிப்படி.

மேலே போனேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. நீலத் துணி மேஜையிலிருந்து வழிந்து அவள் காலைச் சுற்றிக் கிடந்தது.

"அக்கா, குடிக்க மாட்டேங்கறான்."

"நீ சொன்ன மாதிரிதான் நடந்துக்கிட்டேன்."

தெரியும் என்றேன். பசித்தால் குடிப்பான் என்றாயே, குடித்தானா என்றாள். என்னிடம் யாரும் இப்படிக் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. குட்டியின் குரல் இப்போது கம்மி, நடுநடுவே சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைகிற அளவுக்கு வந்துவிட்டது.

"குடுங்க அக்கா."

"என்ன குடுக்கணும்? வாயால சொல்லு."

"பால் குடுங்க."

மிஷின் நின்றது. அவள் துண்டை அவிழ்த்தாள், குட்டியை வாங்கினாள். அவன் வாயை அவள் தேடக்கூட இல்லை. ஒரு சொட்டு உதட்டில் விழவிட்டு, நாக்கு அதை நக்குகிற வரை காத்திருந்து, அப்புறம் சேர்த்தாள். கத்தல் நடுவில் அறுந்தது. அறையில் அவன் விழுங்குகிற சத்தம் மட்டும் இருந்தது, தண்ணீருக்குள் கூழாங்கல் போடுகிற மாதிரி. அங்கே கிடந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவன் பிழைத்தான் என்று நினைத்தேன். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நினைத்தேன். இரண்டையும் நிஜமாகவே நினைத்தேன்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள், என்னிடம் பேசுகிறாளா என்பதே தெரியவில்லை.

"தடியன் இப்ப என்னைத் தேடுறதில்லை. தட்டைக் காட்டினாப் போதும், யார் மடியிலயும் உட்கார்ந்துக்குவான். அவரு கடல்ல. உன் வீட்டுக்காரரு கீழேருந்து ஒரு குரல் குடுப்பாரு, அதோட சரி. இவன் ஒருத்தன்தான் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கறான்."

ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டிய இடம் அது. வேறு எந்த வீட்டுக் கதையாக இருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்கும். அந்த நேரத்தில் குட்டி ஒரு கையைத் தூக்கி, விரல்களை விரித்து, அவள் மேல் வைத்தான். என் மேல் வைப்பானே, அதே மாதிரி. தட்டிக் கொடுக்கிற மாதிரி மெல்ல மெல்லத் தட்டினான்.

நான் எழுந்தேன்.

"போதும். குடுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் வயிறு நிறையவில்லை என்றாள். தெரியும் என்றேன். இப்போதுதான் அடங்கியிருக்கிறான், எடுத்தால் மறுபடி ஆரம்பிப்பான் என்றாள். அதுவும் தெரியும் என்றேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே குனிந்து, அவன் வாயோரத்தில் என் சுண்டு விரலை நுழைத்து, பிடியை விடுவித்து, அவனை எடுத்துக்கொண்டேன். அவன் வீறிட்டான். துணி மூட்டை மேல் மறுபடி உட்கார்ந்து அவனை என்னிடம் சேர்த்தேன். திரும்பினான், துப்பினான், அவள் இருந்த பக்கம் பார்த்து முட்டினான். நான் விடவில்லை. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் செய்த மாதிரியே ஒரு சொட்டு விழவிட்டுக் காத்திருந்தேன். பசியின் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருந்ததால் இந்த முறை நாக்கு நீண்டது. அப்புறம் பிடித்தான். இழுத்தான். வலித்தது.

பிடித்தவுடன் நான் குட்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். சட்டை திறந்தபடியே இருந்தது. மூடத் தோன்றவில்லை அவளுக்கு. பால் அவள் மடியிலிருந்த நீலத் துணி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கண் என் பிள்ளையின் வாய் மேலேயே இருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அதைத்தான் நான் இத்தனை மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை குடிக்கிற சந்தோஷம் இல்லை, அதற்கும் மேலே வேறு ஒன்று.

அவள் மெதுவாகப் பொத்தானைப் போட்டாள். ஈரத் துணியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு யாருகிட்ட விட்டுட்டுப் போவே?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. பதில் அவளுக்கும் தெரியும். இந்த வீட்டில் இன்னொரு ஆள் இல்லை, எனக்கு மிச்சமிருக்கிற லீவும் இல்லை. உங்ககிட்டதான் என்று சொன்னால் முடிந்துவிடும். துப்பட்டாவை இழுத்து, அவள் கண்ணில் படாதபடி குட்டியின் முகத்தை மூடிக்கொண்டு, அவன் குடித்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.